வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு மாஸ்க் தொங்குகிறது. கொரோனா சமயத்தில் எல்லோரும் கட்டிக்கொண்டு திரிந்த துணி ரகம் அல்ல. மூக்கையும் வாயையும் மூடுகிற சாம்பல் நிற ரப்பர், இரண்டு கன்னத்திலும் உருண்டையாக ஒரு ஃபில்டர், தலையைச் சுற்றி இறுக்க ஆரஞ்சு நிறப் பட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்பார்கள். மிளகாய் தாளிக்கும்போது போட்டுக்கொள்ள என்று சொல்லிவிடுவேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, வந்தவர்களுக்கு டீ ஆறிப்போகும்.

மராத்தி பேசுகிற ஊரான போசரியில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையின் பணியாளர் அலுவலகத்தில் எனக்கு வேலை. பட்டம் முடித்த கையோடு சேர்ந்தேன், இன்னும் அதே நாற்காலிதான். என் கணவர் தாபோடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். லாக்டவுனில் முதலாளி ஷட்டரை இறக்கினவர் பிறகு ஏற்றவே இல்லை. நாலைந்து மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எங்கள் ஆலையிலேயே ஒரு கான்ட்ராக்டரிடம் ஆளாகச் சேர்ந்தார். நான் சொல்லி வைத்ததில்லை. அவராகவே போய்க் கேட்டு, அடையாள அட்டை கையில் வந்த பிறகுதான் என்னிடம் காட்டினார். நிரந்தர ஊழியரான என் அட்டை நீலம், கான்ட்ராக்ட் ஆளான அவருடையது மஞ்சள். வீடு இருக்கும் கட்கியிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் நாசிக் பாட்டா வழியாகப் போவோம். கேட்டுக்கு முன்னால் இறங்கி, நான் நீல அட்டைக்காரர்கள் வழியில் போவேன், அவர் மஞ்சள் அட்டைக்காரர்கள் வரிசையில் நிற்பார். கேன்டீனிலும் அப்படித்தான், எங்களுக்கு ஒரு பக்கம், அவர்களுக்கு ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டி என்பதெல்லாம் ஸ்கூட்டர் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

அவரைப் போட்டது பிசிறு சீவும் பகுதியில். அச்சிலிருந்து வரும் இரும்புப் பாகங்களில் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும், ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். அதையெல்லாம் கிரைண்டர் வைத்துச் சீவ வேண்டும். அந்த ஷெட்டுக்குள் வெயில் விழுகிற இடத்தில் தூசி நிற்பதைப் பார்க்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பணியாளர் அலுவலகத்தில் இருப்பதால் எனக்கு ஒன்று தெரியும். ஆலையில் மற்ற இடங்களிலிருந்து வேலையை விட்டுப் போகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டோ சம்பளம் போதவில்லை என்றோ போவார்கள். அந்த ஷெட்டிலிருந்து போகிறவர்கள் இருமிக்கொண்டு போவார்கள். இதை அவரிடம் சொன்னேன். மகளுக்கு இன்ஜினியரிங் முடியட்டும், அதுவரைக்கும் தள்ளிவிடலாம் என்றார். அவருடைய நெஞ்சு அதுவரை தாங்க வேண்டுமே என்பதுதான் எனக்கு அன்று முதல் கவலை.

அங்கே நீல அட்டைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குக் கம்பெனி ஃபில்டர் வைத்த நல்ல மாஸ்க் கொடுத்தது. மஞ்சள் அட்டைக்காரர்களுக்கு மாஸ்க் கொடுக்க வேண்டியது கான்ட்ராக்டர். அவன் கொடுத்தது மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிசுத் துணி. வியர்வை பட்டால் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், மத்தியானத்துக்குள் கிழிந்துவிடும். பிறகு கைக்குட்டைதான். ஒரே ஷெட், ஒரே மணல், பக்கத்துப் பக்கத்து மேஜை. தூசிக்கு மட்டும் அட்டையின் நிறம் தெரியாது.

இந்த நிலையில்தான் வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ உதித்த யோசனை. ஊழியர்கள் ஆலையில் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு வீட்டில் போய் அடிபட்டுக்கொள்கிறார்களாம். ஆகவே கண்ணாடி, கையுறை, காதுமூடி, பூட்ஸ், மாஸ்க் எல்லாவற்றையும் பாதி விலைக்கும் கீழே நிரந்தர ஊழியர்களுக்கு விற்பார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அறிவிப்போடு வந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் புல்வெளியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்கும் புல்வெளி கிடையாது. துளசித் தொட்டி வைக்கவே பக்கத்து வீட்டுக்காரியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் மலிவாக வந்தால் நம்மவர்கள் விடுவார்களா. கேன்டீனில் மேஜை போட்ட அன்று தள்ளுமுள்ளு. கணக்குப் பிரிவில் ஒருவர் கணபதி ஊர்வலத்து டோல் மேளச் சத்தத்துக்கு என்று மாமியாருக்குக் காதுமூடி வாங்கினார். மாமியாருடைய சத்தத்துக்கு அவருக்கும் ஒன்று வாங்கச் சொன்னோம். ஹோலிக்குக் கண்ணாடி, மழைக்கு கம்பூட்ஸ், மீன் கழுவக் கையுறை. மச்சானுக்கு பூட்ஸ் வாங்காத ஆளே இல்லை. எல்லாவற்றிலும் எங்கேயாவது ஓர் ஆரஞ்சுப் பட்டை இருந்தது. வீட்டுக்கு விற்ற சாமான் திரும்ப ஆலைக்குள் வந்து கம்பெனிச் சாமானோடு கலந்துவிடக் கூடாது, ஆடிட்டில் குழப்பமாகிவிடும் என்று அந்த ஏற்பாடு. அன்று அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் அழகுக்கு என்றுதான் நினைத்தேன்.

நான் மாஸ்க் மட்டும் வாங்கினேன். மேஜையில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்துச் சின்ன சைஸை எடுத்தான். எனக்கில்லை, வீட்டுக்காரருக்கு, பெரிய சைஸ் கொடு என்றேன். காற்று எங்கேயும் கசியக் கூடாது, தாடையோடு பொருந்தியிருக்க வேண்டும் என்றான். கைபேசியில் அவருடைய போட்டோவைக் காட்டி, அதற்குத் தக்கபடி எடுத்து வந்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று போட்டுப் பார்த்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான், அதுவும் பாதி ஹிந்தியில் முடியும். “டாடி ஏக்தம் ஸ்பேஸ்லருந்து வந்த மாதிரி இருக்கீங்க” என்றாள். அவர் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ பதில் சொன்னார், புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிம்மதியாக இருந்தது. இனிமேல் அந்த மனிதர் மூச்சு விடுவார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் மூச்சு விட்டார். டிபன் பைக்குள் வைத்து எடுத்துப் போவார், ஷெட்டில் போட்டுக்கொள்வார். மூக்கைச் சிந்தினால் கறுப்பு குறைந்திருந்தது. ராத்திரி இருமலும் குறைந்தது. பிறகு பாதுகாப்பு வாரம் வந்தது. எங்கள் ஆலையில் பாதுகாப்பு வாரம் என்றால் பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, கேட்டில் பையைக் கொட்டிச் சோதனை. வாட்ச்மேன் டிபன் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்தார், ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்தார், மஞ்சள் அட்டையைப் பார்த்தார். திருடியதா என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். இது வீட்டுக்கு உள்ளது, உள்ளே போகாது என்று மராத்தியில் சொல்லி ஓரமாக வைத்தார். என் கணவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சேஃப்டி அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

அதிகாரி கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர், கராடிப் பக்கம் ஃபிளாட் வாங்கியிருந்தார். வந்த புதிதில் ஆலைக்குள் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் தமிழில் ஹிந்தி கலந்திருப்பதை அவர் கிண்டல் செய்வார், நான் அவருடைய ‘ங்க’வைக் கிண்டல் செய்வேன். அன்றும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்ங்க. உள்ள போட்டு நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, நாங்கதான் பதில் சொல்லோணும்.”

“வீட்ல எங்க சார் தூள் இருக்குது? தூள் இங்கதான இருக்குது” என்றேன்.

அவருக்குப் புரியாமலில்லை. முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. ஆனால் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மஞ்சள் அட்டைக்காரர்களுக்கு மாஸ்க் கொடுப்பது கான்ட்ராக்டரின் பொறுப்பு. கம்பெனி கொடுத்தால் அவர்கள் கம்பெனி ஆட்கள் என்று நாளைக்கு வழக்குப் போடுவார்கள். வீட்டுச் சாமானை உள்ளே விட்டால் ஆடிட்டில் மாட்டும். கான்ட்ராக்டரிடம் நல்ல மாஸ்க் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மெயில் போட்டிருக்கிறேன் என்றார். எப்போது என்றேன். போன பாதுகாப்பு வாரத்தில் என்றார்.

மாஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மரியாதையாக என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நான் நன்றி வேறு சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டுக் கறுப்பு எலாஸ்டிக் தைக்கலாமா என்று பார்த்தேன். ரப்பரோடு சேர்த்து வார்த்திருந்தார்கள், வெட்டினால் மாஸ்க் முகத்தில் நிற்காது. கடைத்தெருவில் முழு விலை கொடுத்துப் பட்டை இல்லாத ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதையும் கேட்டில் நிறுத்தினார்கள். கம்பெனி முத்திரை இல்லாத பாதுகாப்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். கைக்குட்டை போகலாமா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். கைக்குட்டைக்கு விதி எதுவும் இல்லை தாயி என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார்.

கான்ட்ராக்டரிடம் போய் நானே கேட்கிறேன் என்று கிளம்பியபோது கணவர் தடுத்தார். “வுடு. நீ கேட்டா அவன் இன்னா பண்ணுவான்? நாளைலருந்து என்னைக் கூப்ட மாட்டான், அவ்ளோதான்” என்றார். அவருடைய கைக்குட்டையை நனைத்து நனைத்து நாலாக மடித்துக் கொடுத்தேன். மாஸ்க்கை ஆணியில் மாட்டினேன்.

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சுரண்டினார். சட்டப்படி போட்டுக்கலாமில்ல என்று சொல்லிவிட்டு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். மகள் போட்டோ எடுத்தாள். அந்தச் சமயம் பார்த்துச் சேஃப்டி அதிகாரியிடமிருந்து செய்தி வந்தது. திட்டத்தில் சாமான் வாங்கியவர்கள் எல்லோரும் அதை வீட்டில் பயன்படுத்தும் போட்டோ அனுப்ப வேண்டும், தலைமை அலுவலகம் கேட்கிறது, நல்ல போட்டோவுக்குப் பரிசு. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போட்டோவைத் தட்டிவிட்டேன். யாருடைய முகம் என்று பார்க்கட்டும், பார்த்தாவது உறைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். பதிலுக்குக் கைதட்டுகிற பொம்மைகள் ஒரு வரிசை வந்தன.

அந்தப் போட்டோவுக்குத்தான் முதல் பரிசு. பெரிதாக பேனர் அடித்துக் கேட்டில் கட்டினார்கள். ஸ்டூலின் மேல் ஒரு மனிதர், கையில் சுரண்டி, முகத்தில் மாஸ்க், கண்ணில் லேசாகச் சிரிப்பு. கீழே மராத்தியிலும் ஹிந்தியிலும், வேலையிடத்தில் போலவே வீட்டிலும் பாதுகாப்பாக இருப்போம் என்று எழுதியிருந்தது. அந்த பேனருக்குக் கீழேதான் மஞ்சள் அட்டை வரிசை நிற்கும். என் கணவர் சட்டைப் பையில் கைக்குட்டையோடு தன் முகத்துக்குக் கீழே நின்று உள்ளே போவார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை, அதிகாரிக்கும் தெரியவில்லை. மாஸ்க் அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது.

பேனரைக் கிழித்துப் போடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும்டி. பேனர்ல கீற மூஞ்சிக்காச்சும் நல்ல மாஸ்க் கிடைச்சுதே” என்றார். பரிசாக வந்தது ஒரு தண்ணீர் பாட்டில். அதிலும் ஆரஞ்சுப் பட்டை.

அடுத்த மழைக்குள் அவர் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். எங்கள் வீடு இரண்டாவது மாடிதான். வயசாகிறது என்றார் முதலில். பிறகு காய்கறிப் பையை மகளிடம் கொடுத்தார், பிறகு ஸ்கூட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை, என்ன தூசி, எவ்வளவு காலம் என்று டாக்டர் ஹிந்தியில் விசாரித்தார். மணல் தூசி உள்ளே போய்த் தங்கிவிட்டது, போனது போனதுதான், இனி அந்த வேலை கூடவே கூடாது என்றார். மாஸ்க் இல்லையா என்று கேட்டார்.

“இருக்குது டாக்டர் சாப்” என்றார் இவர், அதே ஹிந்தியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “நல்ல மாஸ்க். வீட்ல இருக்குது.”

டாக்டர் என்னைப் பார்த்தார், மாஸ்க்கை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு புருஷனைத் தூசிக்கு அனுப்பிய பெண்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நீல அட்டை, மஞ்சள் அட்டை, ஆரஞ்சுப் பட்டை, ஆடிட். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வெளியே இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

கான்ட்ராக்டர் இன்னொரு ஆளைப் போட்டுக்கொண்டான். அவருடைய மஞ்சள் அட்டையை ரத்து செய்யும் வேலை என் மேஜைக்குத்தான் வந்தது, வேறு யாருக்கும் அந்த வேலை கிடையாது. நின்றதற்குக் காரணம் என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது காட்டுகிற காரணங்களில் நெஞ்சு இல்லை. சொந்த விருப்பம் என்பதைத்தான் அழுத்த வேண்டியிருந்தது. வைத்தியச் செலவுக்குக் கான்ட்ராக்டரிடம் பேசிப் பார்ப்பதாக அதிகாரி சொன்னார். பேசியுமிருப்பார், மெயில் போட்டிருப்பார். பிறகு ஒரு நாள் அலுவலக மாடிப்படியில் பார்த்தபோது வீட்டில் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு, “இந்த வருஷம் ஸ்கீம்ல இன்னும் நல்ல மாஸ்க் வந்திருக்குதுங்க மேடம்” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணத்தோடு இருக்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது அவர் நாள் முழுக்க வீட்டில்தான். தீபாவளிக்கு முன்னால் பரண் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நான் பண்ணுகிறேன், இதுகூட முடியாதா என்று அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். “டாடி, மாஸ்க் போட்டுட்டு பண்ணுங்க” என்று மகள் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை முகத்தில் வைத்து, ஆரஞ்சுப் பட்டையைத் தலைக்குப் பின்னால் இறுக்கினார். ஒரு தடவை மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். தோள் இரண்டும் மேலே ஏறி நின்றன. அவசரமாகப் பிடுங்கிக் கழற்றிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

ஃபில்டர் அடைத்துக்கொண்டதா என்று மகள் கேட்டாள்.

“அதெல்லாம் இல்ல. அது நல்லாதான் கீது” என்றார் அவர், மூச்சு கொஞ்சம் தணிந்த பிறகு. “அதுலருந்து காத்தை இழுக்க என்கிட்ட தம் இல்ல.”

மகள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அதை அம்மா போட்டுக்கொண்டு ஏறலாமே என்று ஹிந்தியில் சொன்னாள். போட்டுப் பார்த்தேன். கன்னத்தோரம் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அவர் முகத்துக்கு அளவு பார்த்து வாங்கியது, எனக்குப் பெரிது. திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து அவருடைய கைக்குட்டை ஒன்றை எடுத்து நனைத்து, நாலாக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டு நான் ஏறினேன்.